ஸ்லாப் செரிஃப் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தை எப்படி நிறுத்துவது?

கேள்வி: கானாடுகாத்தான் வடிவமைப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் இருந்தபடி காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் பலகாரப் பெட்டியும் வடிவமைத்துக் கொடுத்து வருகிறேன். சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல் ஆகியவற்றை நெடுங்காலமாக வீட்டிலேயே செய்து விற்றுவந்த ஆச்சி ஒருவர் இப்போது காரைக்குடியில் கடை திறக்கிறார். 12 அடி நீளமும் 2.5 அடி உயரமும் உள்ள பலகையில் தமிழில் ‘செட்டிநாட்டுப் பலகாரம்’ என்றும், அதன் கீழ் ஆங்கிலத்தில் ‘செட்டிநாடு ஸ்நாக்ஸ்’ என்றும் இரண்டு வரிகள் வர வேண்டும்.

ஆங்கில வரிக்குத் தடித்த, கோணங்கள் நிறைந்த ஸ்லாப் செரிஃப் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் அடியிலும், தண்டின் கனத்துக்கு ஏறத்தாழ இணையான கனத்தில் செவ்வகப் பட்டை நிற்கிறது. சி (C), டி (D) போன்ற வளைந்த எழுத்துகளும் மூலை சீவிய சட்டத்தைப் போல வெட்டுப்பட்டிருக்கின்றன. எங்கள் ஊர் வீடுகளின் வளவில் தேக்குத் தூண்கள் கல் பீடத்தின்மேல் ஊன்றி, மேலே போதிகை என்னும் தலைக்கட்டையைத் தாங்கி நிற்பதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் என்பதால், இந்த எழுத்துருவைக் கண்டதும் ஆச்சியின் கடைக்கு இதுதான் என்று மனத்தில் உறுதியாகிவிட்டது. தொலைவிலிருந்து பார்த்தாலும் எழுத்து அசையாமல் நிற்கிறது.

தமிழ் வரியில்தான் சிக்கல் வந்தது. கணினியில் உள்ள வழக்கமான தமிழ் எழுத்துருவை மேலே வைத்தால், பாரம் ஏற்றிய வண்டிக்கு முன்னால் நூல் கட்டியதைப் போல அது மெலிந்து தெரிகிறது. ஆகவே தமிழ் எழுத்துகளின் முனைகளிலும் ஆங்கிலத்தில் உள்ளதைப் போன்ற பட்டைகளை நானே வரைந்து ஒட்டினேன். இரண்டு நாள் செலவழித்து முடித்து, தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றபோது, தம் கடையின் பெயரை வாசிக்கவே ஆச்சி தடுமாறினார். அது என் மனத்தை மிகவும் வருத்தியது. அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ளவர் அல்லர். நாள்தோறும் செய்தித்தாளை முழுவதும் வாசிப்பவர்.

தமிழ் எழுத்துக்குப் பட்டை வைப்பது பொருந்துமா, பொருந்தாது என்றால் இரண்டு வரிகளின் கனத்தையும் எவ்வாறு ஒப்பாக்குவது, ஆங்கிலத்தில் உள்ள கோணத் தன்மையைத் தமிழிலும் கொண்டுவர வழி உண்டா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: தேவகோட்டை அச்சுக்கோப்பாளர்

தம்பிக்கு வணக்கம். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு இயந்திரம் ஓடிய காலத்தில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவன் நான். கணினி எழுத்துருவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு; ஆனால் நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு என் விரல்களே விடை அறியும்.

தமிழ் எழுத்துப் பெட்டியில் ‘ர’ ஒரு கண்ணறையிலும், துணையெழுத்தாகிய கால் வேறொரு கண்ணறையிலும் இருக்கும். இரண்டுக்கும் தலை ஒன்று, தண்டு ஒன்று; வேறுபாடு அடியில் மட்டுமே உண்டு. ‘ர’ என்றால் அடியில் சாய்வாக ஒரு கோடு இறங்கும். கால் என்றால் தண்டு வெறுமனே முடியும். பயிற்சியில் இருந்தபோது நாடக நோட்டீசு ஒன்றில் கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’வைக் கோத்துவிட்டேன், மெய்ப்புப் பார்த்தவர் கண்ணுக்கும் தப்பி, அத்தனை தாள்களும் ஓடி முடிந்த பிறகே தெரிந்தது. அன்று வாங்கிய வசவு இன்றும் காதில் நிற்கிறது. நீங்கள் ‘கா’வின் காலுக்கு அடியில் பட்டை வைத்தபோது அதைத்தான் செய்திருக்கிறீர்கள். ‘பலகாரம்’ என்று நீங்கள் வரைந்தது ஆச்சியின் கண்ணுக்குப் ‘பலகரரம்’ என்று தெரிந்திருக்கும். தடுமாறியது அவர் பிழை அன்று.

ஆங்கிலத்தில் ‘ஐ’ என்னும் பெரிய எழுத்துக்குப் பட்டை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது ‘ஐ’தான். தமிழில் அடியில் இழுக்கும் கோடு வேறோர் எழுத்து. இதை மறந்துவிட்டு எவ்வளவு அழகாக வரைந்தாலும் பயன் இல்லை.

அக்காலத்து நோட்டீசுகளில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பெரிய அளவுத் தலைப்புக்கு ஈயம் உதவாது. கனம் தாங்காது, விலையும் மிகும். ஆகவே மரத்தில் வெட்டிய எழுத்துகளை வைத்திருப்போம். ஆங்கில மர எழுத்துகளில் பட்டை வைத்தவை பலவிதம் உண்டு. தமிழ் மர எழுத்துகளில் பட்டை கிடையாது. அதற்குப் பதிலாக அவற்றை ஆங்கிலத்தைவிட ஒரு படி பெரியதாகத் தேர்ந்து, சுற்றிலும் தாராளமாக இடம் விட்டுக் கோப்போம். அவ்வளவில் தாளின் பார்வை சமன்பட்டுவிடும். இப்படிப்பட்ட பழைய துண்டறிக்கைகளைப் பார்க்க விரும்பினால், கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டுத் தாள்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. ஒரு நாள் ஒதுக்கிப் போய்வாருங்கள். அவரும் விளம்பரப் பலகை எழுதிய கலைஞரே.

கோணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில் அது வேண்டாத வேலை. ஓலையில் நேர்க்கோடு இழுத்தால் நார் கிழியும் என்று வளைத்து வளைத்து எழுதி வளர்ந்தது நம் எழுத்து. வளைவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குறைவு.

மறுமொழி: பள்ளத்தூர் எழுத்துரு வரைஞர்

கேட்டவருக்கும், அச்சுக்கோப்பாளர் ஐயாவுக்கும் வணக்கம். நான் பள்ளத்தூரைச் சேர்ந்தவள். தமிழ் எழுத்துரு வரைவதே என் தொழில். ‘ர’வையும் காலையும் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் சான்று தேவையில்லை என்றாலும், அதே சிக்கல் வேறு இடங்களிலும் இருப்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். ‘எ’ என்னும் எழுத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது ‘ஏ’. ‘ட’வின் அடிக்கோடு வலப்புறம் முடியும் இடத்தில் மேல்நோக்கிப் பட்டை வைத்தால் அது உயரம் குறைந்த ‘ப’வைப் போலத் தெரியத் தொடங்கும். ‘ப’வின் இரண்டு தலைகளிலும் உள்நோக்கிப் பட்டை வைத்தால் மேல்வாய் மூடிக்கொண்டு பெட்டியாகிவிடும். உங்கள் வரியில் உள்ள 12 எழுத்துகளில் ‘ட’ நான்கு முறையும், ‘ப’ இரண்டு முறையும், கால் இரண்டு முறையும் வருகின்றன. அதாவது, பட்டை வைத்தால் கெடக்கூடிய வடிவங்களே வரியின் பெரும்பகுதி.

இந்தப் பட்டை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதைத் தமிழில் ஒட்ட வேண்டும் என்ற எண்ணமே குறையும் என்று நம்புகிறேன். புத்தகம் வாசிப்பதற்காக இது பிறக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டனில் சுவரொட்டியும் விளம்பரமும் பெருகி, ஒன்றை ஒன்று மிஞ்சிக் கத்த வேண்டிய நிலை வந்தபோது, செரிஃப் எனப்படும் மெல்லிய முனைக்கோடுகள் தொலைவில் மறைந்துபோவதைக் கண்ட எழுத்து வார்ப்பவர்கள் அவற்றைத் தண்டின் அளவுக்குத் தடிக்க வைத்தார்கள். வின்சென்ட் ஃபிகின்ஸ் 1810களில் ‘ஆன்டிக்’ என்ற பெயரில் அத்தகைய எழுத்தை வெளியிட்டார். பிறகு இவ்வகைக்கு ‘எகிப்தியன்’ என்ற பெயர் பரவியது. நெப்போலியனின் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் எகிப்தைப் பற்றி இருந்த மோகமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது, எகிப்திய எழுத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளைச் சுழலும் வெட்டுமுனை கொண்ட ரூட்டர் இயந்திரத்தால் வெட்டத் தொடங்கிய பிறகு, ஓரடி உயர எழுத்துகள்கூட மலிவாகக் கிடைத்தன. 1845இல் இராபர்ட் பெஸ்லி வெளியிட்ட ‘கிளாரெண்டன்’ பட்டையும் தண்டும் சேரும் மூலையை வளைத்து மென்மையாக்கியது. அது மூன்றாண்டுக் காப்புரிமை பெற்றிருந்தும், காலம் முடிந்தவுடன் மற்ற வார்ப்பகங்கள் எல்லாம் நகலெடுத்துக்கொண்டன.

நீங்கள் விரும்பும் கோணத் தன்மை இதற்கும் பிற்பட்டது. ஜெர்மனியில் ஜியார்க் டிரம்ப் வரைந்து 1930இல் பெர்டோல்ட் வார்ப்பகம் வெளியிட்ட ‘சிட்டி’ என்ற எழுத்துருவில் வட்டங்கள் எல்லாம் சதுரச் சட்டங்களாயின. ஐபிஎம் நிறுவனத்தின் அடையாளத்தைப் பால் ராண்ட் 1956இல் அமைத்தபோது இந்த எழுத்தையே அடிப்படையாகக் கொண்டார் என்பதால், பெயர் தெரியாமலே உலகம் முழுவதும் அதைக் கண்டிருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம், பட்டையின் வடிவத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அது எதற்காக வந்ததோ அந்தப் பணியைத் தமிழின் உறுப்புகளைக்கொண்டே செய்ய வேண்டும் என்பதுதான். தொலைவில் மறையாத கனமும், எழுத்து தரையில் ஊன்றி நிற்கும் உணர்வும் வேண்டும். தமிழில் ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகியவற்றின் அடிக்கோடு இயல்பிலேயே கிடையாகப் படுத்திருக்கிறது. பட்டையை வெளியிலிருந்து கொண்டுவருவதற்குப் பதிலாக, அந்த அடிக்கோட்டை நன்றாகத் தடிக்க வைத்து, முனைகளை உளியால் வெட்டியதைப் போல நேராக முடித்தால், வரி முழுவதும் பீடத்தின்மேல் நிற்கும்.

கனத்தை ஒப்பாக்குவது பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையைச் சட்டமே பாதி கொடுத்துவிட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948இன்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் முதன்மையாகவும் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் சொல்லப்படுகிறது. பலரும் இதை ஒரு கட்டுப்பாடாக மட்டுமே பார்க்கிறார்கள். உங்கள் பலகையில் அதை எழுத்தின் உயரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். தமிழின் உடல் உயரம், அதாவது ‘ப’வின் உயரம், 8 அங்குலம் என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் 4.8 அங்குலம். ஆங்கிலத் தண்டின் கனம் உயரத்தில் கால் பங்கு என்று கொண்டால் 1.2 அங்குலம். அதே 1.2 அங்குலக் கனத்தை 8 அங்குலத் தமிழ் எழுத்துக்குக் கொடுத்தால், அது உயரத்தில் 15 விழுக்காடுதான். இரண்டு வரிகளையும் ஒரே உயரத்தில் வைத்திருந்தால் தமிழுக்கு 25 விழுக்காட்டுக் கனம் தேவைப்பட்டிருக்கும்; ‘ல’வின் சுழியும் ‘செ’யின் கொம்பும் அந்தக் கனத்தில் அடைபட்டுப் போகும். 15 விழுக்காட்டில் அவை நன்றாக மூச்சுவிடும். ஐயா மர எழுத்தில் ஒரு படி பெரியதைத் தேர்ந்தது இதே கணக்கைக் கண்ணால் போட்டதுதான்.

தொடங்குவதற்கு ஓர் எழுத்துரு வேண்டும் என்றால் ‘அனெக் தமிழ்’ பொருத்தமாக இருக்கும். ஏக் டைப் குழுவினர் வரைந்தது. கனத்தையும் அகலத்தையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பதால் வணிகப் பலகைக்குப் பயன்படுத்தத் தடை இல்லை. அதை வெளிக்கோடுகளாக மாற்றிக்கொண்டு, முனைகளையும் மூலைகளையும் உங்கள் கையால் திருத்துங்கள்.

கோணத்தில் மட்டும் ஐயாவின் கருத்திலிருந்து மாறுபடுகிறேன், பொறுத்தருள வேண்டும். ஓலையில் எழுத்தாணி வளைந்து சென்றது உண்மையே. ஆனால் கல்லிலும் உலோகத்திலும் உளி நேராகவே சென்றிருக்கிறது. நம் வீடுகளில் சீர்வரிசைப் பித்தளை அண்டாவிலும் வெண்கலப் பானையிலும் வெட்டியிருக்கும் பெயரை எடுத்துப் பாருங்கள். சிற்றுளியை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டிச் செல்லும்போது வட்டம் வட்டமாக வராது. சிறுசிறு நேர்க்கோடுகள் சேர்ந்து சுழி பல மூலைகள் கொண்டதாக அமையும். ‘லெ’, ‘சித’, ‘மெ’, ‘அரு’ என்று, விலாசம் என்று நாம் சொல்லும் குடும்பப் பெயரின் முன்னெழுத்துகள் அப்படித்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. கோணத் தமிழை ஜெர்மனியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, இரண்டாம் கட்டில் அடுக்கிவைத்த பாத்திரத்திலேயே இருக்கிறது.

மறுமொழி: தேவகோட்டை அச்சுக்கோப்பாளர்

பாத்திரத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை, அம்மா. எங்கள் வீட்டு உருளியை இறக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. என் பாட்டியாரின் பெயரில் உள்ள ‘ல’வின் சுழியில் ஆறு வெட்டுகள் இருக்கின்றன, ஒன்றும் வளையவில்லை, ஆயினும் அது ‘ல’ அன்று என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சுழியைச் சதுரமாக்கிவிடாதீர்கள். வெட்டியவர் ஆறு முறை உளியைத் திருப்பியிருக்கிறார், நான்கோடு நிறுத்தவில்லை. அந்த இரண்டு வெட்டில்தான் எழுத்து பிழைத்திருக்கிறது.

கேட்டவர்: கானாடுகாத்தான் வடிவமைப்பாளர்

ஐயாவுக்கும் சகோதரிக்கும் நன்றி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் ஒரு முற்பகல் முழுவதும் பாத்திரங்களைப் புரட்டிப் பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் காட்டினார். நான் கவனித்தவற்றுள் முதன்மையானது, வெட்டு எல்லா இடங்களிலும் ஒரே கோணத்தில் திரும்புவதில்லை என்பது. ‘ட’வும் ‘ப’வும் செங்குத்தாகத் திரும்புகின்றன, ‘ம’வின் வலப்புறமும் ‘ந’வின் வயிறும் இரண்டு மூன்று வெட்டுகளில் திரும்புகின்றன, சுழிகள் ஐயா சொன்னதைப் போலவே ஆறு அல்லது ஏழு வெட்டுகளாக உள்ளன. நானோ ஆங்கிலத்தைப் பார்த்து எல்லா மூலைகளையும் 45 பாகையில் சீவியிருந்தேன். இப்போது மூன்று வகைத் திருப்பம் என்று வகுத்துக்கொண்டு மீண்டும் வரைந்திருக்கிறேன். பட்டைகளை முழுவதும் நீக்கிவிட்டேன். அடிக்கோடுகள் மட்டும் தண்டைவிடச் சிறிது தடித்திருக்கின்றன. ‘டு’வின் கீழ்வளைவு அடிக்கோட்டிலிருந்து பிரிந்து இறங்கும் இடத்தில் கனம் குவிந்து கறையைப் போலத் தெரிந்ததால், அங்கே மட்டும் உட்புறத்தைச் சற்றுக் குறைத்தேன்.

ஆங்கில வரியிலும் இரண்டு தொல்லைகள் எழுந்தன. ‘செட்டிநாடு’ என்னும் ஆங்கிலச் சொல்லில் ‘டி’ (T) என்ற எழுத்து இரண்டு முறை அடுத்தடுத்து வந்து, உடனே ‘ஐ’யும் வருகிறது. மேற்கைகளின் தொங்கு பட்டைகள் ஒன்றோடொன்று உரச, அடியில் மட்டும் வெற்றிடம் தெரிகிறது. ‘ஸ்நாக்ஸ்’ என்பதன் முதலிலும் முடிவிலும் வரும் ‘எஸ்’, கோண வடிவில் 5 என்ற எண்ணைப் போலத் தெரிகிறது. இவற்றுக்கு வழி உண்டா? தமிழ் எழுத்தை 8 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் தனித்தனியாக வெட்டிப் பலகைமேல் நிறுத்துவதாக எண்ணம்.

மறுமொழி: பள்ளத்தூர் எழுத்துரு வரைஞர்

முதல் தொல்லைக்கு, இரண்டு எழுத்துகளின் மேற்கையையும் ஒன்றாக இணைத்து ஒரே கூட்டெழுத்தாக வரைவது பழைய வழக்கம். நடுவில் உள்ள இரண்டு தொங்கு பட்டைகளும் நீங்கிவிடும், இடமும் மிச்சமாகும். ‘ஐ’யின் அடிப்பட்டை அதன்பிறகு தானாக விலகி நிற்கும். ‘எஸ்’ எழுத்துக்கு, நடுத்தண்டைக் கிடையாக வைக்காமல் இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும்படி செய்யுங்கள். 5 என்ற எண்ணின் மேல் இடப்புறம் கூர்மையான மூலையாக இருக்கும் என்பதால், ‘எஸ்’ஸில் அந்த மூலையை மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகச் சீவுங்கள். முனைப் பட்டைகள் மேலும் கீழும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நின்றால் ஐயம் எழாது.

மறுமொழி: காரைக்குடிப் பலகைப் பட்டறை

வணக்கம். எழுத்தை வெட்டி மாட்டுகிற பக்கத்திலிருந்து சில செய்திகள். உங்கள் வரைவை எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, ரூட்டரா லேசரா என்பது. ரூட்டரில் சுழன்று வெட்டும் முனையான பிட் உருண்டையானது. ஆகவே வெளிமூலை எவ்வளவு கூராக வந்தாலும், உள்மூலை பிட்டின் பாதி அளவுக்கு வளைந்தே வரும். 6 மில்லிமீட்டர் பிட் என்றால் உள்மூலையில் 3 மில்லிமீட்டர் வளைவு விழும். சாதாரண எழுத்தில் இது யார் கண்ணிலும் படாது. ஸ்லாப் எழுத்தில் பட்டையும் தண்டும் சேரும் ஒவ்வோர் இடமும் உள்மூலை. அங்கே வளைவு விழுந்தால் நீங்கள் தேர்ந்த கோண எழுத்து கிளாரெண்டன் சாயலுக்குப் போய்விடும். அக்ரிலிக்கை லேசரில் வெட்டினால் இந்தக் குறை இல்லை. பிவிசி பலகையாக இருந்தால் ரூட்டரில் வெட்டிவிட்டு உள்மூலைகளைச் சிற்றுளியால் எடுக்கச் சொல்லுங்கள். கூலி கூடும், பலன் உண்டு.

எவர்சில்வரில் பெட்டி எழுத்தாகச் செய்ய நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். செரிஃப் இல்லாத ஆங்கில ‘எச்’ எழுத்தைச் சுற்றிவர 12 மூலைகள். ஸ்லாப் ‘எச்’ என்றால் 28. ஒவ்வொரு மூலையிலும் தகட்டைக் கீறி மடக்கிப் பற்றவைக்க வேண்டும். 4.8 அங்குல எழுத்தில் அத்தனை மடிப்புகளும் சுத்தமாக வராது.

மிக முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வரைவைக் கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளில் திறந்தவுடன், பலகையில் இடம் போதவில்லை என்று யாரேனும் பக்கவாட்டில் நெருக்கிவிடுவார்கள். நெருக்கினால் செங்குத்துத் தண்டுகள் மெலியும், கிடைக்கோடுகள் அப்படியே இருக்கும்; தண்டும் பட்டையும் ஒரே கனமாக இருப்பதுதான் இந்த எழுத்தின் உயிர் என்பதால் அந்தக் கணத்திலேயே அது செத்துவிடும். எங்கள் தொழிலில் இந்தப் பிழை நாள்தோறும் நடப்பதைப் பார்த்து வருந்துபவன் நான். எழுத்துகளை வெளிக்கோடாக மாற்றி, முழு அளவையும் அங்குலத்தில் எழுதி, ‘அகலம் மாற்றக் கூடாது’ என்று கோப்பின் முகப்பிலேயே குறித்துக் கொடுங்கள். இடம் குறைந்தால் எழுத்திடைவெளியைக் குறைக்கலாம், அல்லது உயரத்தையும் சேர்த்துக் குறைக்கலாம்.

1 அங்குல உயரத்துக்கு 10 அடித் தொலைவு என்பது பலகைத் தொழிலில் புழங்கும் கணக்கு. 8 அங்குலத் தமிழ் 80 அடியிலிருந்து இதமாக வாசிக்கக் கிடைக்கும். உங்கள் கடை இருக்கும் சாலைக்கு அது போதும். அதற்கு முன், தாளில் முழு அளவில் அச்சிட்டுக் கடை முகப்பில் ஒரு நாள் கட்டிவைத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் ஒரு முறையும், விளக்கு வைத்த பிறகு ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

கேட்டவர்: கானாடுகாத்தான் வடிவமைப்பாளர்

தாளில் அச்சிட்டுக் கட்டிப் பார்த்தேன். எதிர்ச்சாரியிலிருந்து ஆச்சி தடையின்றி வாசித்தார். ‘ல’ மட்டும் தம் அம்மா வீட்டுக் குத்துவிளக்கில் உள்ளதைப் போல இருக்கிறது என்றார். நான் பாத்திரங்களைப் பார்த்து வரைந்ததை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பகலில் இரண்டு வரிகளும் ஒரே கனத்தில் நின்றன. இரவில் மட்டும் ‘செ’யின் கொம்பும் ‘ச’வும் நெருங்கித் தெரிந்ததால், அவற்றுக்கு இடையே கால் அங்குலம் கூட்டியிருக்கிறேன். ஆங்கிலக் கூட்டெழுத்து சகோதரி சொன்னபடி நன்றாக அமைந்துவிட்டது. ‘எஸ்’ஸின் மூலையை இரண்டு முறை சீவ வேண்டியிருந்தது.

கடைசியாக ஓர் ஐயம். வரியில் நான்கு புள்ளிகள் உள்ளன. மற்றவை எல்லாம் கோணமாக இருக்கும்போது வட்டப் புள்ளி ஒட்டாமல் நின்றதால், சதுரத்தை முனையில் நிறுத்தியதைப் போலச் சாய்சதுரமாக வரைந்திருக்கிறேன். தனித்துண்டாக நிற்கும் அதைப் பலகையில் எப்படி மாட்டுவது?

மறுமொழி: காரைக்குடிப் பலகைப் பட்டறை

வட்டப் புள்ளிக்கு நடுவில் ஒரு திருகாணி போதும், சுழன்றாலும் தெரியாது. சாய்சதுரத்துக்கு ஒரு திருகாணி வைத்தால், காற்றிலும் வெயிலிலும் தளர்ந்து நாளடைவில் திரும்பிச் சதுரமாகப் படுத்துவிடும். பின்புறம் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு திருகாணிகள் வையுங்கள். துளைகளின் இடத்தை வரைவிலேயே குறித்து, பலகைக்கும் புள்ளிக்கும் ஒரே கோப்பிலிருந்து லேசரில் துளையிடச் சொல்லுங்கள். கையால் அளந்து துளைத்தால் நான்கு புள்ளிகளும் நான்கு விதமாகச் சாயும்.